பாலைவன நகரில் மர மகரந்தம் ஆண்டுக்கு ஆண்டு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? லாஸ் வேகாஸை வைத்து ஒரு விளக்கம்

மார்ச், ஏப்ரல் வந்தால் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவன நகரங்களில் மகரந்தச் செய்தி தவறாமல் வரும். ஒரு வருடம் "வரலாறு காணாத அளவு" என்பார்கள், மறு வருடம் "கடந்த ஆண்டைவிடப் பாதி" என்பார்கள், அதற்கடுத்த வருடம் மறுபடியும் எகிறும். படிப்பவர்களுக்கு இயல்பாகவே மூன்று கேள்விகள் எழுகின்றன. பாலைவனத்தில் மரம் ஏது? மழையே பெய்யாத ஊரில் வருடத்துக்கு வருடம் மாறும்படி என்ன இருக்கிறது? இப்படித் தாறுமாறாக ஏறி இறங்கும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பூமி சூடாவதால்தான் மகரந்தம் கூடுகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், ஒரு நகரத்தின் மகரந்தத்தைத் தீர்மானிக்கும் காரணங்கள் இரண்டு வகை. ஊரில் என்ன மரம் எத்தனை நிற்கிறது என்பது பத்து, இருபது ஆண்டுகளில் மெதுவாக மாறும் விஷயம். அந்த மரங்கள் இந்த ஆண்டு எவ்வளவு பூக்கின்றன, பூத்த தூள் காற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. செய்தித் தலைப்புகள் இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவதைப் பற்றித் தீர்ப்பு சொல்லிவிடுகின்றன, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மரம் எங்கிருந்து வந்தது?

நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் நகரம் மொஹாவி பாலைவனத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 106 மில்லிமீட்டர்தான். 2020-ல் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை தொடர்ந்து 240 நாட்கள் அளக்கும் அளவுக்கு ஒரு சொட்டு மழைகூட விழவில்லை.

இந்த மண்ணுக்கே உரிய செடிகளில் பல காற்றில் அதிக மகரந்தம் விடுவதில்லை. சமவெளி முழுக்கப் பரவியிருக்கும் கிரியோசோட் புதருக்குப் பூச்சிகள் வேண்டும், ஜோஷுவா மரத்துக்கு ஒரு குறிப்பிட்ட அந்துப்பூச்சியே வேண்டும். பூச்சியை நம்பும் செடி மகரந்தத்தைக் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் வைத்திருக்கும். காற்றை நம்பும் மரமோ இலேசான, உலர்ந்த தூளைக் கணக்கில்லாமல் விடும், ஏனென்றால் அதில் மிகச் சிறு பங்குதான் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகும். மனிதர்களின் மூக்குக்குள் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

அந்த இரண்டாவது வகை மரங்களைப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவந்தது குடியேற்றம்தான். 1950-ல் லாஸ் வேகாஸ் நகரின் மக்கள்தொகை சுமார் 25 ஆயிரம். இன்று நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த கிளார்க் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் மாதிரி) 23 லட்சம் பேர் இருக்கிறார்கள். வந்தவர்கள் நிழலுக்காக மல்பெரி, ஆலிவ், ஆஷ், சிக்கமோர், எல்ம், பைன், ஓக் என்று நட்டார்கள், கொலராடோ ஆற்றுத் தண்ணீரை ஊற்றி வளர்த்தார்கள். நகருக்கு மேற்கே ஸ்பிரிங் மலைத்தொடரில் ஜூனிபரும் பைனும் இயற்கையாகவே உண்டு, அவற்றின் தூளும் காற்றில் இறங்கி வரும். ஆனால் மூக்கடைப்பும் கண் அரிப்பும் உச்சத்துக்குப் போகும் வாரங்களில் காற்றில் மிதப்பது பெரும்பாலும் மனிதர்கள் நட்ட மரங்களின் தூள்தான்.

எண்ணுவது எப்படி?

"இன்று மகரந்தம் 1,800" என்றால் என்ன அர்த்தம் என்பது தெரியாமல் ஆண்டு ஒப்பீட்டுக்குள் போகக்கூடாது.

மகரந்தம் பிடிக்கும் கருவிகளில் பரவலாகப் பயன்படுவது 1952-ல் இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் வடிவமைத்த கருவியின் வழிவந்தது. ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் வைப்பார்கள். அது நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு சிறு துளை வழியாக உள்ளிழுக்கும். உள்ளே பசை தடவிய நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும், தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நாடாவை வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஒருவர் உட்கார்ந்து இது மல்பெரி, இது ஆலிவ் என்று இனம் பிரித்து எண்ணுகிறார். நாள் முழுக்கக் கருவிக்குள் போவது 14.4 கன மீட்டர் காற்று. எண்ணிக்கையைக் கடைசியில் "ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை துகள்" என்று மாற்றித் தருகிறார்கள். அமெரிக்காவில் மர மகரந்தத்துக்கு 15 முதல் 89 வரை மிதம், 90 முதல் 1,499 வரை அதிகம், 1,500-க்கு மேல் மிக அதிகம் என்று பிரிப்பது வழக்கம்.

இது ஒரு நாள் கணக்கு. ஆண்டு ஒப்பீட்டுக்குத் தேவைப்படுவது அந்தப் பருவத்தின் எல்லா நாட்களின் எண்களையும் கூட்டி வரும் பருவ மொத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஆண்டில் 10 நாட்கள் தினமும் 2,000 துகள், மீதி 20 நாட்கள் வெறும் 100 என்றால் மொத்தம் 22,000. இன்னொரு ஆண்டில் 40 நாட்கள் தினமும் 700 என்றால் மொத்தம் 28,000. தலைப்பில் இடம் பிடிப்பது 2,000 என்ற எண், உண்மையில் கூடுதல் மகரந்தம் இருந்ததோ 700 துகள் ஆண்டில். அதனால் "சாதனை அளவு" என்று ஒரு செய்தி சொன்னால், அது ஒரு நாள் உச்சமா, பருவ மொத்தமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான செய்திகள் இதைச் சொல்வதே இல்லை, இது சின்னக் குறை அல்ல.

கருவி நிற்கும் இடமும் முக்கியம். பக்கத்துத் தெருவில் நான்கு ஆண் மல்பெரி இருந்தால் அந்த எண் ஒருவிதம், புறநகர்ப் பள்ளி மாடியில் வைத்தால் வேறுவிதம். கருவியை இடம் மாற்றிய ஆண்டையும் அதற்கு முந்தைய ஆண்டையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஆண்டுக்கு ஆண்டு மாற்றும் காரணங்கள்

1. மரத்தின் சொந்த முறை. ஆலிவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு ஆண்டு கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம் மறு ஆண்டு அடங்கிவிடும். காய்க்குள் இருக்கும் கொட்டை உருவாகும்போது வரும் வளர்ச்சி ஊக்கிகள் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு உருவாவதைத் தடுக்கின்றன, மரத்தின் சேமிப்பும் காய்க்கே போய்விடுவதால் புதுக் கிளைகள் அதிகம் நீள்வதில்லை. ஆலிவ் பூப்பதோ முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில்தான். இப்படித் தனி மரம் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஏறி இறங்கினால் ஊர்க் கணக்கில் சமமாகிவிடும் என்று நினைக்கலாம். ஆனால் ஒரு கடும் உறைபனி வந்து ஒரு ஆண்டின் பூவையெல்லாம் அழித்தால், எல்லா மரங்களும் ஒரே ஆண்டில் ஓய்வெடுத்து மறு ஆண்டு ஒன்றாகச் சேர்ந்து பூக்கும். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ஊரே ஒரே முறையில் ஏறி இறங்கும்.

2. குளிர்காலத்தின் குளிர். உறங்கும் மொட்டு விழிக்க முதலில் போதிய குளிர் வேண்டும், அப்புறம் போதிய வெப்பம் சேர வேண்டும். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கக்கூடியவை. பிப்ரவரி சூடாக இருந்தால் ஆஷும் மல்பெரியும் முன்கூட்டியே பூக்கும். குளிர்காலம் முழுவதுமே சூடாகப் போய்விட்டால் குளிர் போதாமல் ஆலிவ் குறைவாகப் பூக்கலாம். "சூடான ஆண்டு என்றால் மகரந்தம் கூடும்" என்ற ஒற்றை வரி அதனால்தான் எல்லா மரத்துக்கும் பொருந்துவதில்லை.

3. மழை, ஆனால் எந்த மரத்துக்கு? ஊருக்குள் இருக்கும் மரம் சொட்டுநீரில் வாழ்கிறது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதற்குத் தண்ணீர் உண்டு. மலையிலிருக்கும் ஜூனிபரும் பைனும் பசிபிக்கிலிருந்து வரும் குளிர்கால மழையையும் பனியையும்தான் பெரும்பாலும் நம்புகின்றன. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தப் பகுதியில் குளிர்கால மழை கூடும் வாய்ப்பும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறையும் வாய்ப்பும் உண்டு. ஆக ஒரே வறட்சி மலை மரத்தைப் பாதிக்கும், வீட்டுவாசல் மல்பெரியை ஒன்றும் செய்யாது. மொத்த "மர மகரந்தம்" என்ற ஒரே எண்ணுக்குள் இந்த இரண்டையும் போட்டுக் கலக்கும்போது காரணம் தொலைந்துபோகிறது.

4. பூக்கும் வாரத்தின் வானிலை. லாஸ் வேகாஸில் வசந்த காலம்தான் காற்று பலமாக அடிக்கும் காலம். உலர்ந்த காற்றில் மகரந்தப் பைகள் சீக்கிரம் வெடிக்கும், தூள் வெகுநேரம் மிதக்கும். அந்த வாரத்தில் நல்ல மழை ஒன்று வந்தால் காற்றைக் கழுவிவிடும், அந்த நாட்களின் எண் விழுந்துவிடும். மரம் அதே அளவுதான் பூத்திருக்கும்.

5. கத்தரிப்பு. யாரும் கவனிக்காத காரணம் இது. குளிர்காலத்தில் மல்பெரியின் கிளைகளை அடியோடு வெட்டிவிடும் பழக்கம் தென்மேற்கு நகரங்களில் உண்டு. அப்படி வெட்டிய மரம் அடுத்த வசந்தத்தில் பூவைவிட இலைக்கும் கிளைக்குமே அதிகம் செலவழிக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக மல்பெரியை ஆண்டுக்குப் பலமுறை வெட்டுகிறார்கள். அங்கே அது புதராகவே இருப்பதால் மகரந்தம் ஒரு பேச்சாகவே வருவதில்லை. அதன் நெருங்கிய உறவை லாஸ் வேகாஸில் முழு மரமாக வளரவிட்டதுதான் சிக்கல்.

மல்பெரியை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

லாஸ் வேகாஸ் மகரந்தக் கணக்கில் மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் தனித்துத் தெரியும். அது மல்பெரி பூக்கும் நேரம். மல்பெரியில் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தின் பழம் நடைபாதையிலும் காரிலும் கறை பிடிக்கும் என்பதால் "காய்க்காத மல்பெரி" என்று ஆண் மரங்களையே நர்சரிகள் விற்றன. வேகமாக வளரும், அகலமாக நிழல் தரும், வெயிலைத் தாங்கும் மரம் என்பதால் வாங்கியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண் மரம் என்றால் மகரந்தம் விடும் மரம் என்பதை விற்கும்போது யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

மல்பெரி தூளை வெளியேற்றும் விதமும் அசாதாரணமானது. மொட்டுக்குள் மகரந்தத் தாள் (மகரந்தப் பையைத் தாங்கும் சிறு காம்பு) வளைந்து இழுபட்ட நிலையில் இருக்கும். காற்று உலர்ந்ததும் அது சட்டென்று நிமிர்ந்து தூளை வீசும். 2006-ல் வெளியான அதிவேகப் படப்பிடிப்பு ஆய்வில் இந்த அசைவுக்கு ஆன நேரம் சுமார் 25 மைக்ரோநொடி. அதாவது ஒரு நொடியை 40,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. தூள் கிளம்பும் வேகம் ஒலியின் வேகத்தில் பாதிக்கு மேல். செடிகொடி உலகில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. இந்த விசைக்கு வேண்டியது உலர்ந்த காற்று, பாலைவனத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

விளைவு என்னவென்றால், மல்பெரி பல வாரங்களுக்குப் பரப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். அந்தச் சில நாட்களில் மழை வந்ததா, பலத்த காற்று தூளைப் பள்ளத்தாக்குக்கு வெளியே தள்ளியதா, கருவி பழுதாகி நின்றதா என்பதைப் பொறுத்து முழு ஆண்டின் எண்ணே மாறிவிடும். ஆண்டு ஒப்பீடு தடுமாறுவதில் மல்பெரியின் பங்கு பெரியது.

1991 தடை வேலை செய்ததா?

மக்கள் தொகை வீங்கி அலர்ஜிப் புகார்கள் பெருகியபோது கிளார்க் கவுண்டி 1991-ல் காய்க்காத ஆண் மல்பெரியையும் ஐரோப்பிய ஆலிவையும் புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. அரிசோனாவின் டூசான் நகரம் இருக்கும் பீமா கவுண்டி 1980-களின் நடுவிலேயே இதே மரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்திருந்தது. டூசானுக்கு இது இன்னும் வலித்த விஷயம், ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய்க்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் சுத்தமான உலர்ந்த காற்றைத் தேடிப் போன ஊர் அது.

தடை வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மல்பெரித் தூள் ஏன் பறக்கிறது என்று கேட்கிறார்கள். தடை புதிய மரத்துக்குத்தான், நின்ற மரத்தை வெட்டச் சொல்லவில்லை. 1991-ல் பத்து வயதாக இருந்த மரம் அதற்குப் பிறகுதான் முழு அளவுக்குக் கிளை பரப்பியது, அதனால் தடைக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஒரு மரத்தின் தூள் கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். 1991-க்கு முன் கட்டிய பேட்டைகளில் மல்பெரி இன்றும் நிற்கிறது, அதற்குப் பின் எழுந்த புறநகர்களில் அரிது. தடையின் பலனைத் தேட வேண்டிய இடம் இந்த வித்தியாசம்தான். இரண்டு ஆண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து "தடை தோற்றது" என்பது நியாயமில்லாத முடிவு.

இதில் கணக்கு ரீதியான பொறி ஒன்றும் உண்டு. ஆலிவ் மாதிரி ஒன்றுவிட்டு ஒரு ஆண்டு பூக்கும் மரத்தை ஐந்தாறு ஆண்டுகள் மட்டும் அளந்தால், தொடங்கிய ஆண்டு அடக்கமான ஆண்டாகவும் முடித்த ஆண்டு பூத்த ஆண்டாகவும் அமைந்துவிட்டாலே "கூடிக்கொண்டே போகிறது" என்று கோடு காட்டும். தொடக்கத்தையும் முடிவையும் ஒரு ஆண்டு தள்ளினால் அதே தரவு "குறைகிறது" என்று சொல்லும். குறைந்தது பத்துப் பதினைந்து ஆண்டுத் தொடர் இல்லாமல் இந்த மரங்களைப் பற்றி எந்தப் போக்கையும் அடித்துச் சொல்லக்கூடாது.

வளைகுடாவில் இதே கதை வேறு மரத்தோடு நடந்தது. குவைத்தில் பசுமைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களில் நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் இனமும் ஒன்று. அதன் மகரந்தம் அங்கே அலர்ஜிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக ஆய்வுகளில் வந்தது. குவைத், துபாய்ப் பக்கம் போன தமிழர்களில் பலர் "பாலைவனத்தில் தூசிதான் காரணம்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். தூசியும் காரணம்தான், ஆனால் மரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

வெப்பநிலை உயர்வு எங்கே வருகிறது?

ஒரு நகரின் சில ஆண்டுத் தரவில் தெரியாதது பல நகரங்களின் நீண்ட தரவில் தெரிகிறது. வட அமெரிக்காவின் 60 நிலையங்களில் 1990 முதல் 2018 வரை சேர்ந்த எண்ணிக்கையைப் பார்த்த ஒரு ஆய்வு 2021-ல் வெளிவந்தது. மகரந்தப் பருவம் சுமார் 20 நாட்கள் முன்னே வந்திருந்தது, சுமார் 8 நாட்கள் நீண்டிருந்தது, மகரந்த அளவு சுமார் 21 சதவீதம் கூடியிருந்தது. இது தனி ஊரின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன்செய்த பிறகு மிஞ்சிய போக்கு என்பதால் இதற்கு எடை அதிகம்.

லாஸ் வேகாஸ் அமெரிக்காவில் வேகமாகச் சூடாகும் நகரங்களில் ஒன்று. கான்கிரீட் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் இரவுகள் இன்னும் வேகமாகச் சூடாகின்றன. முன்கூட்டியே பூப்பது இங்கேயும் எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் மொத்த அளவு கூடுமா என்றால், மேலே சொன்ன குளிர்த் தேவை குறுக்கே நிற்கிறது. ஆலிவுக்கும் மல்பெரிக்கும் ஒரே பதில் இருக்காது.

உடம்பின் கணக்கு வேறு

"இந்த வருடம் எனக்கு ரொம்ப மோசம், ஆக மகரந்தம் கூடியிருக்கிறது" என்பது எப்போதும் சரி அல்ல.

1. புதிதாகக் குடியேறியவருக்கு முதல் ஓரிரு பருவம் ஒன்றும் தெரியாமல் போகலாம். உடம்பு அந்தத் தூளைச் சந்தித்து, அதற்கெதிரான எதிர்ப்பொருளை உருவாக்கிய பிறகே தும்மல் தொடங்கும். மூன்றாம் ஆண்டில் மாறியது அவருடைய உடம்பு.

2. பருவம் முழுக்கத் தூளைச் சுவாசித்த மூக்கு கடைசியில் கொஞ்சத் தூளுக்கே கொந்தளிக்கும். பிப்ரவரியில் 200-ஐத் தாங்கியவர் மே மாதத்தில் 50-ஐத் தாங்காமல் போகலாம்.

3. ஆஷும் ஆலிவும் ஒரே குடும்பம், அலர்ஜி உண்டாக்கும் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. ஆஷால் அவதிப்படுபவருக்கு ஆலிவ் பருவம் அதன் தொடர்ச்சி மாதிரிதான் இருக்கும்.

நடைமுறைக்கு இதில் ஒரு பயன் உண்டு. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை உங்கள் மரம் பூப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்கச் சொல்லுவது மருத்துவர்களின் வழக்கம். பருவம் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும் ஊரில் போன ஆண்டுத் தேதியை நம்பினால் தாமதமாகிவிடும். எந்த மரம் என்பதைப் பரிசோதனையில் தெரிந்துகொண்டு, அந்த மரத்தின் எண்ணைத் தனியாகப் பார்ப்பது நல்லது. மொத்த எண் உங்களுக்கு அதிகம் உதவாது.

இனி வரும் ஆண்டுகளில் எண் குறைந்தால்

நெவாடா மாநிலம் 2021-ல் கொண்டுவந்த சட்டப்படி, யாரும் பயன்படுத்தாத அலங்காரப் புல்வெளிகளுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் ஊற்றுவது 2026 முடிவோடு நிற்க வேண்டும். தனி வீடுகளுக்கு இது பொருந்தாது. அந்த ஆற்று நீரைத் தேக்கிவைக்கும் மீட் ஏரியின் மட்டம் இறங்கியிருக்கும் நிலையில் தண்ணீரைச் சேமிக்க வேறு வழியில்லை. ஆனால் பல பழைய மரங்கள் அந்தப் புல்லுக்கு ஊற்றிய தண்ணீரில்தான் இத்தனை காலம் வாழ்ந்தன. புல்லை எடுக்கும்போது மரத்துக்குத் தனிச் சொட்டுநீர் போடாவிட்டால் மரம் காய்ந்துபோகும். மகரந்த எண் அப்போது விழலாம், அதை நல்ல செய்தியாக வாசித்துவிடக் கூடாது. 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்ட ஊரில் ஒரு பெரிய மரத்தின் நிழல் போவது உயிர் சம்பந்தப்பட்ட இழப்பு.

மரமும் வேண்டும், தூளும் குறைய வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. மகரந்தமே ஏறக்குறைய விடாத ஸ்வான் ஹில் ஆலிவ் இருக்கிறது, பூச்சிகளை நம்பிப் பூக்கும் பாலைவன வில்லோ இருக்கிறது, ஆண்-பெண் பிரிந்த இனங்களில் பெண் மரத்தைக் கேட்டு வாங்கலாம். லாஸ் வேகாஸ் நகராட்சி 2050-க்குள் 60,000 மரங்கள் நடத் திட்டமிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் எந்த இனம், எந்தப் பால் இடம்பெறுகிறது என்பதை அலர்ஜி மருத்துவர்களும் குடியிருப்பவர்களும் இப்போதே கேட்க வேண்டும், நட்டுவிட்டால் அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு அதை மாற்ற முடியாது.